கோழிக்கூடு கண்ணாடி இல்லமான கதை: ஜூலியா மார்கரெட் கேமரன் (1815 - 1879)

தாயின் தலையாய கடன் இன்னதென்று வரையறுக்கும் புறநானூற்றுப் பாடலை நாம் மேடைதோறும் எடுத்தாள்கிறோம். அப்பாடலைப் பாடியவர் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர் என்பதை அந்த அளவிற்கு நினைப்பதில்லை. பெற்று வளர்ப்பதைத் தாயின் கடனாகச் சொன்ன அப்பெண், அக்கடனுக்கு அப்பாலும் ஒன்றைச் செய்தார், பாட்டு எழுதினார். அதற்கான பொழுதை அவர் எங்கிருந்து பெற்றார் என்று நம் உரையாசிரியர்கள் கேட்டதில்லை. இக்கேள்விக்கு விடை தேடும்போது, கடல் கடந்த நாட்டில் வாழ்ந்து, இலங்கையின் மலையகத்தில் துயில்கொண்டுள்ள ஒரு பெண்மணியின் வாழ்க்கை நமக்குப் பெருந்துணை புரிகிறது. உலகப் புகைப்படக்கலை வரலாற்றில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பெறும் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரே அவர்.

கல்கத்தாவில் பிறப்பு

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர். தாய் அடலின், பிரெஞ்சுக் குடியினர். அத்தாய்வழி முன்னோர் நம் புதுச்சேரியோடு தொடர்பு உடையவர்கள். அக்கால வழக்கப்படி குழந்தைகள் கல்விக்காகக் கடல் கடந்து அனுப்பப்பெற்றனர். ஜூலியா பிரான்சில் பாட்டியாரின் பாதுகாப்பில் வளர்ந்து, 1834இல் இந்தியா திரும்பினார். உடன்பிறந்த பெண்கள் அழகுக்குப் பெயர் பெற்றவர்கள். ஜூலியாவை மட்டும் யாரும் அழகி என்று சொல்லவில்லை. அவருடைய பேச்சையும் துடிப்பையுமே ஊர் பேசியது.

1836இல் உடல்நலம் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்ற அவர், அங்கே இருவரைச் சந்தித்தார். ஒருவர், தென்கோளத்து விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். அவருடைய நட்பு இறுதிவரை நிலைத்தது. மற்றவர், தம்மினும் இருபது வயது மூத்த சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன். இலங்கையின் ஆட்சிமுறையையும் நீதிமுறையையும் திருத்தி அமைத்த கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்ற கேமரன் இவரே. 1838இல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

தாய்மையும் எழுத்தும்

1838 முதல் 1852 வரையிலான காலப்பகுதியில் அம்மையார் ஒரு பெண்ணுக்கும் ஐந்து ஆண்மக்களுக்கும் தாயானார். இதே காலத்தொடக்கத்தில், 1839இல்தான், புகைப்படக்கலை பிறந்த செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. படத்தை நிலைக்கச்செய்யும் வேதிப்பொருளைக் கண்டு சொன்னவருள் முதன்மையானவர் நண்பர் ஹெர்ஷல். அக்கலையின் வளர்ச்சியை அவர் கடிதங்கள் வழியாகக் கல்கத்தாவிற்கு எழுதினார். அந்நாளில் அரியனவாக இருந்த படங்கள் சிலவற்றையும் அனுப்பிவைத்தார். ஆக, அம்மையாரின் தாய்மையும் புகைப்படக்கலையும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் தொட்டிலில் கிடந்தன. ஒன்றை அவர் உடனே கையில் எடுத்துக்கொண்டார். மற்றொன்று கால் நூற்றாண்டு காத்திருந்தது.

அந்த இடைக்காலத்தில் அவருடைய படைப்பு மனம் உறங்கிக்கிடந்ததாகக் கொள்ளுதல் தவறு. நான்காம் குழந்தை ஹார்டிஞ்ச் 1846இல் பிறந்தான். அடுத்த ஆண்டே, ஜெர்மானியக் கவிஞர் பர்கர் இயற்றிய லெனோரா என்னும் கதைப்பாட்டை அம்மையார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது இலண்டனில் நூலாக வெளிவந்தது. புகழ்பெற்ற ஓவியர் டேனியல் மக்லீஸ் அந்நூலுக்குப் படம் வரைந்தார். கைக்குழந்தை மடியில், கணவருடைய பதவி காரணமாக வந்துபோகும் விருந்தினர் கூடத்தில், இவற்றுக்கிடையே ஒரு கதைப்பாட்டின் சந்தத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டுவரும் பணி. மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட நம் வட்டத்து அன்பர்கள் இதன் கடுமையை அறிவார்கள்.

எழுத்து முந்தியும் புகைப்படம் பிந்தியும் வந்தமைக்கு அவ்விரு கலைகளின் இயல்பிலேயே காரணம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பாதி அடியில் விட்டுச்சென்ற செய்யுள், குழந்தை உறங்கியபின் அதே இடத்தில் நமக்காகக் காத்திருக்கும். அக்காலப் புகைப்படமோ அப்படிப்பட்டதன்று. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, கொலோடியன் என்னும் பசைநீரைச் சீராக ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டுபோய் உருத்துலங்கச் செய்தாக வேண்டும். இடையில் ஒரு படியில் நின்றால் தகடு பாழ். ஈரத் தகடும் காத்திராது. அழும் குழந்தையும் காத்திராது. காத்திராத இரண்டை ஒருத்தி ஒரே வேளையில் கையில் ஏந்துவது எளிதன்று.

மகள் தந்த பரிசு

1848இல் கேமரன் பணி நிறைவு பெற்றுக் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார். 1860இல் வைட் தீவின் பிரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரில், கவிஞர் டென்னிசனின் இல்லத்திற்கு அருகில் இரு குடில்களை வாங்கி ஒன்றாக இணைத்துக் குடியேறினர். அவ்வீட்டிற்கு டிம்போலா என்று பெயரிட்டனர். இலங்கையில் அவர்களுக்கு இருந்த தோட்டத்தின் பெயர் அது. வீட்டில் பெற்ற பிள்ளைகள் மட்டும் இல்லை. உறவினரின் அநாதைக் குழந்தைகள் வளர்ந்தனர். பட்னி என்னும் இடத்தில் தாயோடு இரந்து நின்ற மேரி ரயன் என்ற ஐரிஷ் சிறுமியையும் அம்மையார் அழைத்துவந்து கல்வி தந்து வளர்த்தார். பின்னாளில் இம்மேரியை மணந்தவர், 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக வீற்றிருந்த சர் ஹென்றி காட்டன் என்பது அறியத்தக்கது.

மூத்த மகள் ஜூலியா 1859இல் சார்லஸ் நார்மன் என்பவரை மணந்து சென்றாள். 1863 டிசம்பரில், கேமரன் தம் காபித் தோட்டங்களைப் பார்வையிட இலங்கை சென்றிருந்தார். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையாயினர். தாயின் தனிமையை உணர்ந்த மகளும் மருமகனும் ஒரு புகைப்படக் கருவியைப் பரிசாக அனுப்பினர். தனிமைக்கு ஒரு பொழுதுபோக்கு என்பதே அவர்கள் எண்ணம். அம்மையாருக்கு அப்போது வயது 48.

இப்பரிசு வெறுமையில் வந்து விழுந்ததன்று. அதற்கு முன்பே அவர் புகைப்படத் தொகுப்பேடுகளை அமைத்து உற்றாருக்கு வழங்கிவந்தார். ரெயிலாண்டர் என்னும் கலைஞர் எடுத்த எதிர்ப்படத்திலிருந்து தாமே படி எடுத்துப் பார்த்ததும் உண்டு. நெடுநாள் கரையில் நின்று நீரோட்டத்தைப் பார்த்திருந்தவர்க்கு இப்போது ஓடம் கிடைத்தது என்று சொல்லலாம்.

வீடே கலைக்கூடம்

அம்மையார் தனியே கலைக்கூடம் கட்டவில்லை. வீட்டின் கரிக்கிடங்கு இருட்டறை ஆயிற்று. மைந்தர்கள் கோழி வளர்த்த கண்ணாடிக் கூடு படமெடுக்கும் அறை ஆயிற்று. கோழிகள் வெளியேறின, முட்டை விற்று மைந்தர் பெற்ற சிறு வருவாயும் நின்றுபோயிற்று. இதனை அம்மையார் 1874இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட தன்வரலாற்றில் நகைச்சுவையோடு குறித்துள்ளார். 'என் கண்ணாடி இல்லத்தின் வரலாறு' என்று பொருள்படும் அவ்வேடு, அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 1889இல் அச்சேறியது. பிள்ளைகள் பொருட்டுத் தம் கலையை ஒத்திவைத்த தாய், பிள்ளைகளின் கோழிக்கூட்டைத் தம் கலைக்கு எடுத்துக்கொண்ட காட்சி சிந்தித்து மகிழத்தக்கது.

தொடக்கம் எளிதாக இல்லை. உள்ளூர் உழவர் ஒருவரைக் கூலி தந்து அமர்த்தி எடுத்த படத்தை, ஈரமான பக்கத்தில் தம் கையே பட்டு அழித்துவிட்டார். பின்னர் இரு குழந்தைகளை அமர்த்தினார். படம் பதியும் வேளையில் ஒரு குழந்தை சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்துச் சிரிக்க, தகடு பாழாயிற்று. அடுத்து ஒரே சிறுமியை அமர்த்தி, அவள் அசைந்தால் தம் மருந்தும் உழைப்பும் வீணாகும் என்று எடுத்துச்சொல்லி இரங்கவைத்தார். அச்சிறுமி ஆன்னி பில்பாட் அசையாதிருந்தாள். 1864 ஜனவரியில் எடுத்த அப்படத்தையே அம்மையார் தம் முதல் வெற்றி எனக் குறித்தார். அன்றே படி எடுத்துச் சட்டமிட்டுச் சிறுமியின் தந்தையிடம் சேர்த்தார். அவளுக்குத் தரப் பரிசுப்பொருள் தேடி வீடெங்கும் ஓடினார். குழந்தையை அதட்டி அடக்காமல், அதனிடம் நியாயம் பேசி இணங்கவைக்கும் கலையை எந்தப் புகைப்பட நூலும் கற்பிப்பதில்லை. இருபத்தைந்து ஆண்டுத் தாய்மை கற்பித்த பாடம் அது.

வெள்ளி நைட்ரேட்டு சொட்டும் ஈரத் தகட்டோடு உணவறைக்கு ஓடிவந்து கணவரிடம் காட்டுவது அவர் வழக்கம். மேசை விரிப்புகள் எல்லாம் கறையாயின. இவ்வளவு பொறுமை இல்லாத வேறொரு குடும்பமாக இருந்திருந்தால் தாம் என்றோ துரத்தப்பட்டிருக்கக்கூடும் என்று அவரே எழுதுகிறார். கேமரன் ஒவ்வொரு படத்தையும் ஆர்வத்தோடு பார்த்து மகிழ்ந்தார் என்றும் அவ்வேடு கூறுகிறது. கறைபட்ட விரிப்பைப் பார்த்து முகம் சுளிக்காத கணவர் ஒருவர், அம்மையாரின் புகழில் பங்குபெறும் உரிமை உடையவர் என்றே சொல்ல வேண்டும்.

கலங்கலும் தெளிவும்

அக்காலப் புகைப்பட வல்லுநர்கள் தலைமயிர் இழைகூடத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று கருதினர். அம்மையாரின் படங்களோ மென்மையாகக் கலங்கித் தோன்றின. வில்லையைத் திருகிவரும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவதே தம் முறை என்று அவர் விளக்கினார். ஒரு படம் பதிய மூன்று முதல் ஏழு நிமிடங்கள் வரை பிடித்தது. அத்தனை நேரம் உயிருள்ள முகம் சிறிதேனும் அசையாதிராது; மூச்சு விடும், இமைக்கும். அந்த அசைவைப் பிழை என்று தள்ளாமல் படத்திற்குள் ஏற்றுக்கொண்டார். விரற்சுவடு, கீறல், தூசு ஆகியவற்றையும் பொருட்படுத்தவில்லை. புகைப்பட இதழ்கள் இவற்றைத் திறமைக் குறைவு என்று எள்ளின. ஓவியர்களும் கவிஞர்களும் இவற்றைப் போற்றினர்.

தொடங்கிய ஆண்டிலேயே இலண்டன் புகைப்படக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1865இல் தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்கள் பலவற்றை விலைக்கு வாங்கியது. 1868இல் அங்கேயே இரு அறைகளைக் கலைக்கூடமாகப் பயன்படுத்திக்கொள்ள இடமளித்தது. டென்னிசன், கார்லைல், டார்வின் முதலியோர் அவர் முன் அமர்ந்தனர். 1867இல் எடுத்த முதிய ஹெர்ஷலின் படம், நரைமுடி ஒளிர இருளிலிருந்து எழும் முகமாக இன்றும் வியக்கப்பெறுகிறது. பதிப்புரிமை வேண்டி அவர் பதிவுசெய்த படங்கள் 500க்கும் மேற்பட்டவை. காபித் தோட்டங்களின் வருவாய் குன்றிவந்த காலத்தில் படங்களை விற்றுக் குடும்பத்திற்குத் துணைசெய்யவும் அவர் முயன்றார்.

மடியும் மடியில் குழந்தையும்

பெரியோர் படங்களினும் நம் கருத்துக்கு உரியவை அவருடைய தாய் - சேய்ப் படங்கள். கன்னி மரியாளும் குழந்தை இயேசுவும் என்ற பொருளில் 1864 முதல் பல படங்களை எடுத்தார். அவற்றுள் ஒன்பது படங்கள் கொண்ட வரிசை ஒன்றைப் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். இறைவனைக் குழந்தையாக்கிப் பாடும் பிள்ளைத்தமிழ் மரபில் வந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. பெரியாழ்வார் தம்மை யசோதையாக நினைந்து பாடினார். கேமரன் அம்மையார் அண்டைவீட்டுக் குழந்தைகளையும் தம் பேரன் ஆர்ச்சியையும் தெய்வக் குழந்தையாகக் கண்டார். உறங்கும் ஆர்ச்சியின்மேல் குனிந்த தாயின் முகத்தைக் காட்டும் 1865ஆம் ஆண்டுப் படங்கள், உறக்கமற்ற இரவுகளை அறிந்த கண் எடுத்தவை.

அந்தத் தாய் வேடத்தில் மிகுதியும் தோன்றுபவர் மேரி ஹில்லியர். ஊர்ச் செருப்புத் தைப்பவரின் மகள், டிம்போலாவின் பணிப்பெண். காலையில் வீட்டு வேலை, பிற்பகலில் கன்னி மரியாள் என்று அவர் பொழுது கழிந்தது. இங்கு ஓர் உண்மையை ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். அம்மையாரின் கலைக்கு வேண்டிய ஓய்வு வானத்திலிருந்து விழவில்லை. சமைக்கவும், துவைக்கவும், தகடு கழுவ நீர் இறைக்கவும் வேறு பெண்களின் கைகள் இருந்தன. அவர்களுக்கு மகள் அனுப்பிய காமிரா எதுவும் இல்லை. அம்மையாரின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தாய் படைப்பாளியாக வேண்டுமானால் குழந்தையை ஏந்தும் இன்னொரு கை எங்கேனும் இருந்தாக வேண்டும் என்பதை மறைத்து எழுதினால், அவரைப்போல் முயன்று இயலாமற்போன பெண்கள் தம்மையே குறை சொல்லிக்கொள்வார்கள்.

இழப்பும் இலங்கையும்

தாய்மையின் இன்னொரு முகத்தையும் அம்மையார் கண்டார். கருவியைப் பரிசளித்த மகள் ஜூலியா 1873இல் மகப்பேற்றில் உயிர்நீத்தாள். தாயின் கைகளில் கலையைத் தந்தவளைத் தாய்மையே கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டே அம்மையார் தம் கண்ணாடி இல்லத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கினார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அவ்வேட்டின் தொடக்கத்தில் மகள் தந்த பரிசைக் குறிப்பிடும் அவர் கை, எத்தகைய நெஞ்சோடு எழுதியிருக்கும் என்பதை நாம் உணரலாம். டென்னிசனின் ஆர்தர் அரசன் பற்றிய காவியத்திற்குப் புகைப்படங்களாலேயே விளக்கம் அமைத்து இரு தொகுதிகளை வெளியிட்டதும் இக்காலத்தில்தான், 1874 - 75இல்.

1875இல் தம்பதியர் இலங்கைக்கே குடிபெயர்ந்தனர். மக்கள் அங்குப் பணியிலும் தோட்டங்களிலும் இருந்தனர். களுத்துறையில் கடலோர இல்லத்திலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் மாறிமாறி வாழ்ந்தனர். 1876இல் அம்மையாரின் கவிதை ஒன்று இங்கிலாந்தின் மேக்மில்லன் இதழில் வெளிவந்தது; ஓவியர் தீட்டிய உருவம் ஒன்றைப் பற்றியது அது. எழுத்தில் தொடங்கியவர் எழுத்தைக் கைவிடவில்லை. வெப்பமும் தொலைவும் தடைசெய்ய, இலங்கையில் எடுத்த படங்கள் சிலவே. அவற்றில் சிற்றூர் மக்களும் தோட்டத் தொழிலாளரும் நிற்கிறார்கள். மேரி ஹில்லியரின் பெயரை அறிந்த உலகம் இவர்களைப் பெயரற்றவர்களாகவே பார்த்து வருகிறது. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடிக் கடல் கடந்தவர்களின் உழைப்பில் அத்தோட்டங்கள் நின்றன என்பதை எண்ணும்போது, அப்படங்களைக் கடந்துசெல்ல நம்மால் இயலாது.

1879 ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பகுதித் தோட்டம் ஒன்றில் அம்மையார் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார். அடுத்த ஆண்டு மறைந்த கணவரும் அங்கேயே அருகில் துயில்கிறார். கன்னி மரியாளைப் பன்முறை படம்பிடித்தவருக்கு அவ்வன்னையின் பெயர்கொண்ட ஆலயமே இறுதி இடமாயிற்று. சுற்றிலும் தேயிலைச் சரிவுகளில் மலையகத் தமிழ்ப் பெண்கள் கொழுந்து கிள்ளுகின்றனர்.

அவர் விதை இன்னொரு தலைமுறையில் முளைத்தது. அவர் திரும்பத்திரும்பப் படம்பிடித்த உடன்பிறந்தாள் மகள் ஜூலியா ஜாக்சனின் மகளே எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ப். பெரியம்மைப் பாட்டியின் படங்களை 1926இல் ரோஜர் பிரை என்பவரோடு சேர்ந்து நூலாகக் கொண்டுவந்து மறதியிலிருந்து மீட்டவரும் அவரே. பெண் எழுதுவதற்குத் தனியறை வேண்டும் என்று மூன்றாண்டுகள் கழித்து வாதிட்டவரின் குடும்பத்தில், கோழிக்கூட்டையும் கரிக்கிடங்கையும் தனியறையாக்கிய ஒரு மூதாட்டி இருந்தார் என்பது எண்ணத்தக்கது.

நம் வட்டத்திற்கு

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் இவ்வரலாற்றை எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தொடக்க ஆண்டுகளில் நம் கவியரங்குகளில் நம்பிக்கையோடு குரல் எழுப்பிய இளம்பெண்கள் சிலரின் பெயர், திருமணத்திற்குப் பின்னும் முதற்குழந்தைக்குப் பின்னும் வருகைப்பதிவில் காணப்படவில்லை. அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நாம் பேசிக்கொண்டோம். கேமரன் அம்மையாரின் வாழ்க்கை அம்முடிவு பிழையாகலாம் என்று காட்டுகிறது. 48ஆம் வயதில் ஒருவர் தொடங்கி, ஏறத்தாழ பதினைந்தே ஆண்டுகளில் ஒரு கலையின் போக்கை மாற்ற முடிந்தது. எனினும் எல்லாரையும் 48 வயதுவரை காத்திருக்கச் சொல்வது அறமாகாது. காத்திருந்த அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எடுக்கப்பெறாத படங்கள் எத்தனை என்பதற்குக் கணக்கு இல்லை.

ஆகவே, இம்மலரின் வாயிலாக வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இனி நம் கூட்டங்கள் மாலை ஆறரை மணிக்குப் பதில் விடுமுறை நாட்களின் முற்பகலில் நடைபெறட்டும். அரங்கின் ஒரு மூலையில் பாய் விரித்துத் தூளி ஒன்று கட்டப்படட்டும். கவிதை படிக்கும்போது குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். வர இயலாத சகோதரியரின் இல்லத்திற்கு நம் இதழும் ஒரு கடிதமும் மாதந்தோறும் தவறாமல் செல்லட்டும். அக்கடிதத்தை எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.